நீருக்கு அஞ்சிய நெஞ்சம்

அச்சத்திற்கும் இலக்கணம் வகுத்த மொழி நம் தமிழ்மொழி. தொல்காப்பியர் தம் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலில் மெய்ப்பாடுகளை எட்டாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றாகிய அச்சம் தோன்றுதற்குரிய நிலைக்களங்கள் நான்கு என்பார். அணங்கு ஒன்று, கொடிய விலங்கு மற்றொன்று, கள்வர் மூன்றாவது, தமக்கு மேலான தலைவர் நான்காவது. மாணவியர் ஆசிரியர்க்கு அஞ்சுவது இந்நான்காம் வகையின்பாற்படும் போலும்! இப்பகுதியை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவரும் எமக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. நான்கு வகைகளுள் நீர் இடம்பெறவில்லையே, அது ஏன் என்பதே அவ்வையம்.

தமிழர் நீரின் கொடுமையை அறியாதவர் அல்லர். தமிழ்ச் சங்கங்கள் இருந்த பழைய நகரங்களைக் கடல் கொண்டது என்னும் செய்தியை இறையனார் களவியல் உரை சொல்கிறது. பூம்புகாரைக் கடல் விழுங்கியதை மணிமேகலை சொல்கிறது. காவிரிப் புதுப்புனல் விழாவில் நீராடிய ஆட்டனத்தியை ஆற்று வெள்ளம் இழுத்துச் சென்றதையும், அவனைத் தேடி ஆதிமந்தி கரை நெடுகப் புலம்பி அலைந்ததையும் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. நீர்த்துறைகளில் அணங்கு உறையும் என்னும் நம்பிக்கையும் அக்காலத்தில் இருந்தது. எனவே நீரச்சத்தை அணங்கின்பால் அடக்கிக் கொள்ளலாம் என்பதே யாம் கண்ட விடை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று உள்ளே இருந்து இழுக்கும் என்று அஞ்சுவதே நீரச்சத்தின் இயல்பு அன்றோ?

இவ்வாறு ஏட்டில் விடை கண்ட யாம், அவ்வச்சத்தோடு முப்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தோம் என்பதையும், அதனை எதிர்கொண்ட வகையையும் இம்மலரின் வாயிலாகச் சொல்ல விழைகிறோம். எம் சிறப்பைப் பேசுவது நோக்கமன்று. இதனைப் படிக்கும் மாணவியர் ஒருவரேனும், அவர்தம் பெற்றோர் ஒருவரேனும் ஒரு முடிவுக்கு வரவேண்டும் என்பதே நோக்கம்.

அச்சம் பிறந்த களம்

சென்னை மாநகரின் தென்மேற்கே அமைந்தது கே.கே. நகர். கலைஞர் கருணாநிதி நகர் என்பதன் சுருக்கம் அது. வீட்டுவசதி வாரியம் திட்டமிட்டு அமைத்த குடியிருப்பு. நேரான தெருக்களும், நடுவே சிவன் பூங்காவும், இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் உடையது. மேற்கே நெசப்பாக்கம், தெற்கே எம்.ஜி.ஆர். நகரும் ஜாபர்கான்பேட்டையும், அவற்றுக்கும் அப்பால் அடையாறு. கோடையில் அவ்வாற்றைக் காண்போர் அதனை ஆறு என்று சொல்லத் தயங்குவர். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் அது தன் பெயரை நிலைநாட்டும். சென்னையின் பல பகுதிகள் நீர்நிலைகளின் மேல் எழுந்தவை. இன்று பட்டும் பொன்னும் விற்கும் தியாகராய நகர், நெடிய ஏரி ஒன்றைத் தூர்த்து 1920களில் உருவாக்கப்பட்ட நிலப்பரப்பு என்பதைப் பலரும் அறியார். நீர் தன் பழைய வீட்டை மறப்பதில்லை.

1985 நவம்பரில் பெய்த பெருமழையில் அடையாறு பெருகியது. அப்போது எமக்கு வயது நான்கு. கே.கே. நகரின் தாழ்ந்த ஓரத்தில் இருந்த எம் வாடகை வீட்டினுள் இரவில் நீர் புகுந்தது. வாப்பா எம்மைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேட்டுத் தெருவை நோக்கி நடந்தார். வழியில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் ஒன்றில் அவர் கால் இறங்கியது. யாம் நீருள் விழுந்தோம். வாப்பா எம் தலைமயிரைப் பற்றித் தூக்கிவிட்டார். நீருள் இருந்தது சில நொடிகளே என்று பின்னாளில் உம்மா சொல்வார். எம் நினைவில் அது சில நொடிகள் அன்று. காதுகளில் ஓர் இரைச்சல். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே கருமை. வாயில் மண்ணின் சுவை. அந்த இரைச்சல் எம்மோடு வளர்ந்தது.

அதன்பின் நீர் எமக்குப் பகையாயிற்று. தலையில் நீர் ஊற்றும்போது கண்ணை மூட மாட்டோம். சோப்பு நுரை கண்ணை எரித்தாலும் மூட மாட்டோம். மெரீனாவுக்குச் சென்றால் மணலில் அமர்ந்துவிடுவோம். கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டோம். எம் வயதொத்த குற்றாலீசுவரன் என்னும் தமிழ்நாட்டுச் சிறுவர் 1994 ஆம் ஆண்டில் பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தார். ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து, 1966 இல் ஐந்தைக் கடந்த மிஹிர் சென்னின் சாதனையை அவர் விஞ்சியபோது நாடே வியந்தது. செய்தித்தாளில் அவர் படத்தைக் கண்ட எமக்கோ வியப்பினும் நடுக்கமே மிகுந்தது.

வாப்பும்மாவின் கிண்டி

இறைவனைத் தொழுவோர்க்கு ஒளூ இன்றியமையாதது. நாள்தோறும் ஐவேளை முகத்தில் நீர் படவேண்டும். நீர் முகத்தில் பட்டாலே அலறும் சிறுமிக்கு ஒளூச் செய்யக் கற்றுக்கொடுப்பது எப்படி? வீட்டிலுள்ளோர் திகைத்தனர். எம் வாப்பும்மா திகைக்கவில்லை. எழுதப் படிக்க அறியாதவர் அவர். பித்தளைக் கிண்டி ஒன்றில் நீரெடுத்து வந்து எம்மை அருகில் இருத்துவார். முதல் வாரம் விரல்நுனிகளை மட்டும் நனைப்பார். அடுத்த வாரம் முழங்கை வரை. பின்னர் ஈரக்கையால் நெற்றியைத் தடவுவார். அதன்பின் கன்னம். "எண்ணிக்கொள்ளம்மா, மூன்றுதான், மூன்று முடிந்தால் முடிந்தது" என்பார். அச்சத்திற்கு ஓர் எல்லை உண்டு என்று அறிந்த உள்ளம் பாதி அடங்கிவிடும் என்பதை அவர் எங்ஙனம் அறிந்தாரோ! நோன்பு மாதம் வருவதற்குள் யாமே முகம் கழுவக் கற்றுக்கொண்டோம்.

பின்னாளில் உளவியல் நூல்களைப் புரட்டியபோது வாப்பும்மாவின் முறைக்கு ஒரு பெயர் இருப்பதைக் கண்டோம். அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண் அறிஞர், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனின் அச்சத்தைப் போக்கிய வரலாற்றை 1924 இல் வெளியிட்டார். சிறுவன் விரும்பிய தின்பண்டத்தை உண்ணும் வேளையில் முயலைத் தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். இறுதியில் அவன் அம்முயலைத் தடவிக் கொடுத்தான். ஜோசப் வோல்பே என்னும் மருத்துவர் 1958 இல் இத்தகைய முறையை விரிவான மருத்துவ நெறியாக வகுத்தார். அஞ்சும் பொருளைப் படிப்படியாக அணுகுதல், ஒவ்வொரு படியிலும் உடலைத் தளர்த்தி அமைதி காணுதல் என்பவை அதன் இரு கால்கள். பெருநூல்கள் சொல்லும் அந்நெறியைக் கிண்டியும் கைந்நீரும் கொண்டு செய்து காட்டியவர் எம் வாப்பும்மா.

ஆயினும் முகம் கழுவும் அளவோடு எம் துணிவு நின்றுவிட்டது. பற்றிக்கொள்ளப் பாட்டி இருந்த இடம் வரையில்தான் யாம் சென்றோம்.

புறநானூறும் ஒரு வினாவும்

தமிழ் பயின்று, எம்.ஃபில். பட்டம் பெற்று, ஆசிரியப் பணிக்கு வந்தோம். புறநானூற்றின் 243 ஆம் பாடல் எமக்கு மிக விருப்பமானது. பாடியவர் பெயர் தெரியவில்லை; பாடலில் வரும் சொற்றொடரைக் கொண்டு தொடித்தலை விழுத்தண்டினார் என்று வழங்கப்படுகிறார். கோலூன்றி நடந்து, இருமலுக்கிடையே சில சொல் பேசும் முதியவர் தம் இளமையை நினைக்கிறார். நீரை நோக்கித் தாழ்ந்த மருத மரக்கிளையில் ஏறி, கரையில் நின்றோர் வியக்க ஆழ்ந்த மடுவினுள் பாய்ந்து, அடியிலிருந்த மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்த இளமை இப்போது எங்கே போயிற்று என்று இரங்குகிறார். மணலைக் கொண்டு வருவது ஏன்? அடியைத் தொட்டேன் என்பதற்கு அதுவே சான்று.

இப்பாடலை நடத்திய ஒரு நாளில், முதல் வரிசையில் இருந்த மாணவி எழுந்து, "அம்மா, நீங்கள் இப்படி நீரில் மூழ்கியதுண்டா?" என்று கேட்டாள். குறும்பு இல்லாத வினா அது. இல்லை என்று விடையளித்தோம். "எங்களுள்ளும் ஒருவரும் இல்லை அம்மா" என்றாள் அவள். வகுப்பில் அறுபது மாணவியர் இருந்தனர். நீந்தத் தெரிந்தவர் கை உயர்த்துக என்றோம். இருவர் கை உயர்ந்தது. இருவரும் கடலோர ஊரினர். இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் பாடிய முதியவர் தம் இளமை போயிற்றே என்று வருந்தினார். எம் மாணவியர்க்கோ நினைத்து வருந்துவதற்கும் அப்படியோர் இளமை வாய்க்கவில்லை. இச்செய்தி எம் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

பதினொரு படிகள்

2015 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளைச் சென்னையில் வாழ்வோர் மறவார். அன்று காலை தொடங்கி மறுநாள் காலை வரையிலான இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி அளவுக்கு நீர் திறக்கப்பட்டது. அடையாறு இருகரையும் புரண்டது. ஜாபர்கான்பேட்டை, எம்.ஜி.ஆர். நகர், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் ஆகிய பகுதிகள் நீரில் மூழ்கின. கே.கே. நகரின் தாழ்ந்த தெருக்களுக்கும் நீர் வந்தது.

அப்போது யாம் முதல் மாடியில் வாழ்ந்து வந்தோம். எம் கணவர் பணி நிமித்தம் வெளியூர் சென்றிருந்தார்; ஆறு வயது மகள் எம்முடன் இருந்தாள். மின்சாரம் இல்லை, தொலைபேசி இயங்கவில்லை. விடியற்காலையில் கீழ்வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. அங்கே எண்பது வயது மூதாட்டி ஒருவர் தம் பேரனுடன் இருந்தார். பேரன் பள்ளி மாணவன். இடுப்பளவு நீரில் நின்று, மேசைமேல் பாட்டியை அமர்த்திக்கொண்டு, "அக்கா, ஒரு கை கொடுங்கள், நான் ஒருவனாகத் தூக்க முடியவில்லை" என்று அழைத்தான்.

மாடிப்படியின் தலைப்பில் நின்றோம். கீழே நீர் கருமையாக அசைந்துகொண்டிருந்தது. முப்பது ஆண்டுகட்கு முன் கேட்ட இரைச்சல் அதே அளவில் காதுகளில் எழுந்தது. முழங்கால்கள் ஆடின. அந்நேரத்தில் அருள்வாக்கு எதுவும் எமக்குத் தோன்றவில்லை, புறநானூறும் தோன்றவில்லை. "எண்ணிக்கொள்ளம்மா" என்ற வாப்பும்மாவின் சொல் மட்டுமே தோன்றியது. கைப்பிடியைப் பற்றியவாறு படிகளை எண்ணினோம். மொத்தம் பதினொன்று. ஏழாம் படியில் நீர் பாதத்தைத் தொட்டது. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என எண்ணித் தரையில் நின்றபோது நீர் இடுப்பில் இருந்தது. யாம் நின்றுகொண்டிருந்தோம்! பிளாஸ்டிக் நாற்காலியில் மூதாட்டியை அமர்த்தி, அவன் ஒருபுறமும் யாம் ஒருபுறமுமாகத் தூக்கி மேலே கொணர்ந்தோம். ஈரப் புடவையோடு அவர் எம் கைகளைப் பற்றி வாழ்த்தியது இன்றும் நினைவிலுள்ளது.

அந்நாட்களில் மாநகரம் முழுவதும் இத்தகைய காட்சிகள் நிகழ்ந்தன. மீனவர்கள் தம் படகுகளை ஊருக்குள் கொண்டு வந்து மக்களை மீட்டனர். பள்ளிவாசல்கள் சமய வேறுபாடின்றி அனைவர்க்கும் கதவைத் திறந்து உணவும் உறைவிடமும் அளித்தன. ஊரப்பாக்கத்தில் வெள்ளத்தில் சிக்கிய நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரை யூனுஸ் என்னும் பெயருடைய இளைஞர் படகில் மீட்டார். பிறந்த பெண்மகவுக்கு அவ்விந்துப் பெற்றோர் யூனுஸ் என்றே பெயரிட்டனர். கடலிலே மீன் வயிற்றினுள் இருளில் இருந்து இறைவனை அழைத்து மீட்கப்பெற்ற நபியின் பெயர் அது. வெள்ளத்திலிருந்து மீண்ட குழந்தைக்கு அதனினும் பொருந்திய பெயர் உண்டோ?

நீந்தத் தெரியாமையின் விலை

அன்று இடுப்பளவு நீரில் நின்ற எமக்கு ஓர் எண்ணம் தோன்றியது. நீர் இன்னும் மூன்றடி உயர்ந்திருந்தால் எம் துணிவால் யாது பயன்? துணிவு வேறு, திறன் வேறு. திறனற்ற துணிவு மூழ்குவோர் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. அதன்பின் ஆக்ஸ்ஃபாம் என்னும் தொண்டு நிறுவனம் 2005 இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று எம் சிந்தனையைக் கலக்கியது. கடலூர் மாவட்டத்தில் அது எடுத்துக்காட்டிய கணக்கின்படி இறந்த ஆண்கள் 146 பேர். பெண்களோ 391 பேர். அலை ஆண், பெண் என்று பார்த்து வருவதில்லை. ஆண்கள் பலர் நீந்தவும் மரமேறவும் அறிந்திருந்தனர், பெண்கள் அறிந்திருக்கவில்லை. அன்றியும், பெண்கள் குழந்தைகளைத் தேடியும் தூக்கியும் நின்று காலம் இழந்தனர். நீச்சல் ஆண்களுக்குரிய விளையாட்டு என்று நாம் கருதிய கருத்துக்குத் தாய்மார் உயிர்விலை கொடுத்தனர் என்றே கொள்ள வேண்டியுள்ளது.

உலகளவில் 2021 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நம் நாட்டில் ஆண்டுதோறும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு மடிகின்றனர். 2021 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை சூலை 25 ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. தேர்வு முடிந்த மகிழ்ச்சியில் ஏரிக்கும் அருவிக்கும் கடலுக்கும் செல்லும் இளையோர் சிலர் மீளாத செய்தியைக் கோடைதோறும் நாளிதழ்களில் காண்கிறோம். பெற்ற வயிறு எவ்வாறு துடிக்கும்!

குளத்தில் கற்ற பாடம்

2022 ஆம் ஆண்டில், பதின்மூன்று வயது எய்திய எம் மகள், "உம்மா, நான் நீச்சல் கற்க வேண்டும், நீங்களும் வாருங்கள்" என்றாள். எமக்கு அப்போது நாற்பத்தொன்று. நடுவயதுப் பெண் நீச்சல் கற்பதா, ஊரார் என் சொல்வர் என்ற தயக்கம் எழாமல் இல்லை. மகளிர்க்கென்றே நேரம் ஒதுக்கி, பெண் பயிற்றுநரே கற்பிக்கும் குளம் ஒன்றைக் கண்டோம். உடல் முழுவதையும் தலையையும் மறைக்கும் நீச்சலுடை இக்காலத்தில் கடைகளிலேயே கிடைக்கிறது. நாணமும் நெறியும் பேணியே நீந்த இயலும் என்பதைக் கண்ணாரக் கண்டோம்.

முதல் நாள் குளத்தின் விளிம்பில் அமர்ந்து காலை மட்டும் நனைத்தோம். பயிற்றுநர் எம் மாணவியர் வயதினர். அவர் எம்மை விரைவுபடுத்தவில்லை. நீருக்குள் முகம் வைத்து வாயால் காற்றை ஊதச் சொன்னார். "மூச்சை அடக்காதீர்கள் அம்மா, ஊதுங்கள், ஊதும்போது நீர் உள்ளே வராது" என்றார். ஒளூவில் தொடங்கியதன் அடுத்த படி இதுவே என்று உணர்ந்தோம். மூன்று வரை எண்ணி முகத்தை எடுத்தோம். பின்னர் ஐந்து, பின்னர் பத்து. நீருள் அந்தப் பழைய இரைச்சல் கேட்டது. கூர்ந்து கேட்டபோது அது எம் மூச்சுக்குமிழிகளின் ஓசையே என்று தெரிந்தது. முப்பத்தேழு ஆண்டுகள் எம்மை அச்சுறுத்திய அணங்கு எம் மூச்சொலிதானா என்று வியந்தோம்.

மல்லாந்து மிதத்தலே எமக்கு அரிதாக இருந்தது. நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது மனித உடல் பெரும்பாலும் தான் இடம்பெயர்க்கும் நீரைவிடச் சிறிதே இலேசானது; எனவே மிதக்கும். அஞ்சியவர் செய்வது யாது? கைகளை மேலே உயர்த்துகிறார். நீருக்கு மேல் தூக்கிய கையின் எடை முழுவதும் தலையைக் கீழே அழுத்துகிறது. அலறுகிறார், காற்று வெளியேறி உடல் கனக்கிறது. உடலை விறைக்கிறார்; கால்கள் தாழ்கின்றன. மூழ்கச் செய்வதில் நீரின் பங்கினும் அச்சத்தின் பங்கு பெரிது என்று அன்று கற்றோம். காது நனையத் தலையைச் சாய்த்து, வயிற்றை உயர்த்தி, கைகளை விரித்து வானத்தைப் பார்த்தோம். பயிற்றுநர் முதுகின்கீழ் வைத்திருந்த கையை எப்போது எடுத்தார் என்று எமக்குத் தெரியாது. நீர் எம்மைத் தாங்கிக்கொண்டிருந்தது. இறைவன் மேல் பொறுப்புச் சாட்டுதல் என்று சொற்பொழிவுகளில் கேட்ட தவக்குல் என்பதன் பொருள் எம் முதுகுக்கு அன்று விளங்கியது.

நான்கு திங்களில் குளத்தின் அகலத்தை நீந்தினோம். விரைவாக நீந்துவோர் எம்மைக் கண்டு புன்னகைப்பர். ஒருநாள் ஆழமான பகுதியில் மூழ்கி அடித்தளத்தை விரலால் தொட்டு வந்தோம். அள்ளி வர அங்கே மணல் இல்லை. ஓடு பதித்த தரையே இருந்தது. மகள் மட்டும் கண்டு கைதட்டினாள். அச்சம் முற்றும் போய்விட்டதோ எனின், இல்லை. ஆழ்ந்த நீரைக் கண்டால் நெஞ்சு இன்றும் ஒருமுறை அதிர்கிறது. அஞ்சத் தக்கதற்கு அஞ்சுவது அறிவுடைமை என்பதே வள்ளுவர் நெறியும் ஆகும். அச்சம் எம்மை ஆண்ட நிலை போய், அதனை யாம் ஆளும் நிலை வந்தது என்பதே உண்மை.

சான்றோர்க்கும் மாணவியர்க்கும்

பெண்மக்கள் நீந்துவது நம் மரபுக்கு ஒவ்வுமோ என்று ஐயுறும் பெரியோர்க்குப் பணிவுடன் சில சொற்கள். பிள்ளைகளுக்கு நீச்சலும் வில்வித்தையும் குதிரையேற்றமும் கற்பிக்குமாறு ஏவும் கூற்று ஒன்று உமர் (ரலி) அவர்கள் பெயரால் வழங்கி வருகிறது. அதே உமர் (ரலி) அவர்கள் கடற்படையெடுப்புக்கு இசையாது தயங்கியவர் என்றும் வரலாறு கூறும். நீரின் இடரை அறிந்தவரே அதற்கான பயிற்சியின் தேவையையும் அறிவார். உம்மு ஹராம் (ரலி) என்னும் பெண்மணி, கடல்மேல் செல்லும் கூட்டத்தாரைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டு, அக்கூட்டத்தில் தாமும் ஒருவராக வேண்டுமெனப் பிரார்த்திக்குமாறு வேண்டினார். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் சைப்ரசுக்குக் கப்பலேறிச் சென்று, அத்தீவிலேயே மறைந்து, அங்கேயே அடக்கமானார். கடலுக்கு அஞ்சாத பெண்மணி நம் வரலாற்றின் தொடக்கத்திலேயே இருக்கிறார். நம் நாட்டிலும் 1959 ஆம் ஆண்டிலேயே ஆரத்தி சாகா ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்து, அதனைச் செய்த முதல் ஆசியப் பெண் என்ற புகழைப் பெற்றார்.

எனவே, கல்லூரியை நடத்தும் பெருமக்களிடமும் ஊர்ச் சான்றோரிடமும் யாம் வேண்டுவது இதுவே. நமக்கெனக் குளம் கட்டும் வசதி இல்லாவிடினும், மகளிர் நேரம் உள்ள நீச்சல்குளத்தில் நம் மாணவியர்க்கு ஆண்டுதோறும் சில வாரப் பயிற்சிக்கு வழி செய்க. பெண் பயிற்றுநரும் தக்க உடையும் அமையின் தடை சொல்ல இடமில்லை.

அன்பு மாணவியரே! நீந்தக் கற்கும் வரை ஒன்றை மறவாதீர். மூழ்குவோரைக் காப்பாற்ற நீரில் குதியாதீர். நீந்த அறியாதவர் குதித்தால் ஒன்றுக்கு இரண்டு உயிர் போகும். கரையில் நின்று கழியை நீட்டுக, கயிற்றை வீசுக, மிதக்கும் குடத்தையோ காலிக் கேனையோ எறிக, உரக்கக் கூவி ஆள் அழைக்க. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர் நால்வர் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தாம் உடுத்திருந்த புடவைகளைக் கழற்றி வீசி இருவரை மீட்டனர். மற்ற இருவரைக் காக்க இயலவில்லையே என்று அவர்கள் வருந்தினர். ஓர் உயிர் போகும் நேரத்தில் எது பெரிது என்று அம்மூவர்க்கும் எவரும் கற்பிக்கவில்லை. அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது அளித்துச் சிறப்பித்தது.

உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அரபு நாட்டைப் பாடும்போதும் தமிழ்நாட்டு வெள்ளத்தையும் வயலையும் பாய்ச்சிப் பாடினார். நீரில்லாத நாட்டையும் நீரோடு எண்ணிய நெஞ்சம் தமிழ் முஸ்லிம் நெஞ்சம். அந்நெஞ்சம் நீருக்கு அஞ்சி ஒதுங்கலாகாது. அடுத்த ஆண்டு 243 ஆம் புறப்பாடலை நடத்தும்போது, நீந்தத் தெரிந்தவர் கை உயர்த்துக என்று மீண்டும் கேட்போம். இரண்டு கைகள் இருபதாக வளர வேண்டும். எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளை நீராலும் நெருப்பாலும் நேரும் இடர்களிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.